மஞ்சக்குப்பத்தில் 71 டிகிரி

ஐப்பசி மழை ஐந்து நாளாக விடவில்லை. ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேனர், பத்திரிகை வேலை செய்யும் எங்கள் கடையின் ஷட்டரைத் தூக்கி, மெயினைப் போட்டு, பெரிய கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். விண்டோஸ் வருவதற்குள்ளேயே கேபினட் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. முகப்பில் இருக்கும் நீலத் திரையில் ஒரு 7. அதன் பக்கத்தில், கீழ்ப்பாதியில் மட்டும் ஒரு சின்னக் கோடு. 71 என்று எடுத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த இயந்திரம். வெளியே 27, 28 டிகிரிக்கு மேல் இருக்காது. உள்ளே மட்டும் 71 எப்படி வந்தது?

உடனே அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, பிராசஸரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் மேல் விரலை வைத்தேன். கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்றிருந்தது.

இந்தக் கேபினட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008-இல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கடலூர் கொண்டுவந்தது. உள்ளே மதர்போர்டும் பிராசஸரும் இரண்டு முறை மாறிவிட்டன. கூடு மட்டும் அதேதான். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவில் செய்த கூடு என்பதால், புது போர்டின் திருகுத் துளைகளும் பழைய கூட்டில் அப்படியே பொருந்திவிடும். முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எல்சிடி. உள்ளே எவ்வளவு சூடு, மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று அதில் தெரியும். 65 டிகிரியைத் தாண்டினால் கத்தும்படி வைத்திருக்கிறேன்.

அது அலங்காரத்துக்கு இருக்கும் திரை இல்லை. 2015 வெள்ளம் வடிந்த பிறகு கடையைத் திறந்த வாரம், ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வேலையில் இருந்தேன். மின்விசிறியில் நூல் சிக்கி நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது. திரைதான் கத்தியது. கோப்பைச் சேமித்துவிட்டு அணைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் காரியம் வைத்திருந்த வீட்டுக்குப் பேனர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த எண்ணைப் பார்க்காமல் எங்கள் கடையில் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. டைப் அடிக்கும் அக்கா பதினான்கு வருஷமாக இருக்கிறார். அவர் தினமும் வந்ததும் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, அடுத்து இந்த எண்ணைத்தான் பார்ப்பார்.

அன்றைக்கும் வந்து பார்த்தார். "என்னா தம்பி, காத்தாலேயே காய்ச்சலா?"

இயந்திரத்தை மறுபடி போட்டு, டெலீட் விசையை அழுத்தி, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போனேன். அங்கே பிராசஸர் சூடு 34. முகப்பில் 71. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது குழப்பம். பயாஸ் காட்டும் சூடு பிராசஸர் சில்லுக்குள்ளேயே இருக்கும் உணரி சொல்வது. முகப்புத் திரைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முகப்புத் திரைக்குத் தனியாக ஒரு மெல்லிய ஒயர் போகிறது. அதன் நுனியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய மணி ஒன்று. அதற்குப் பெயர் தெர்மிஸ்டர். அந்த மணியை ஹீட்சிங்கின் அடியில் மஞ்சள் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். அது தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் சூட்டை மட்டும்தான் திரை அறியும். இரண்டும் நாலைந்து டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். 37 டிகிரி வித்தியாசம் வர வழியே இல்லை.

சரி, என்னதான் செய்கிறது என்று பார்க்கலாம் என்று, மிச்சமான ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் திரை காட்டும் எண்ணை அவ்வப்போது நேரத்தோடு எழுதச் சொன்னேன். அக்கா எழுதினார். காலை 9.10-க்கு 71. 11 மணிக்கு 56. மதியம் 1 மணிக்கு 50. 4 மணிக்கு 44. இதே நேரத்தில் பிராசஸரின் சொந்தக் கணக்கு நேர் எதிராகப் போனது. காலையில் 36, மதியம் பெரிய ஃப்ளெக்ஸ் வேலை ஓடும்போது 54. இயந்திரம் சூடாக ஆக, திரை குளிர்ந்துகொண்டே வருகிறது.

அந்த அட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கோளாறின் மொத்த ஜாதகமும் அதில்தான் இருந்தது.

அக்கா இன்னொன்றையும் கவனித்திருந்தார். அது என் கண்ணுக்குப் படவே இல்லை. "தம்பி, ஐம்பதுக்குக் கீழ எறங்குறப்ப பாருங்க. 45, 46, அப்புறம் ஏதோ ஒண்ணு, மறுபடி 46, 45. எறங்குற எண்ணு ஏன் ஏறி எறங்குது?" நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இந்த மாதிரித் திரையில் ஒவ்வோர் எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது. இரண்டு எண்களில் வலப்பக்கம் இருப்பதில் வலது மேல்கோடு எரியவில்லை. அந்தக் கோடு போனால் 9 அச்சு அசலாக 5 ஆகிவிடும். 8 போய் 6 ஆகிவிடும். 7-க்குத் தலையில் ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒன்றுமில்லை. பூஜ்யம் வாய் திறந்து நிற்கும். 5-க்கும் 6-க்கும் அந்தக் கோடே தேவையில்லை என்பதால் அவை இரண்டும் மட்டும் ஒழுங்காகத் தெரியும். ஆக 45 என்று தெரிந்தால் அது 45-ஆகவும் இருக்கலாம், 49-ஆகவும் இருக்கலாம். காலையில் 7-க்குப் பக்கத்தில் நின்ற அரைக்கோடு என்ன என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது மேல்பாதி இழந்த 1.

எத்தனை மாதமாக 9-ஐ 5 என்று படித்துக்கொண்டிருந்தோமோ. முழுசாக அணைந்துபோன திரையை விட, ஒரு கோடு மட்டும் போன திரை ஆபத்து என்று எனக்குப் பட்டது. அணைந்தால் சந்தேகப்படுவோம். 5 தெரிந்தால் நம்பிவிடுவோம்.

எண் என்றதும் எனக்கு 1995 ஞாபகம் வருகிறது. திருப்பாதிரிப்புலியூரில் நான் கம்ப்யூட்டர் படித்த சென்டரில் ஒரு 486 வகைக் கம்ப்யூட்டர் இருந்தது. முகப்பில் சிவப்பு எழுத்தில் 66. டர்போ என்று ஒரு பொத்தான், அழுத்தினால் 33. பிராசஸரின் வேகத்தை யாரோ உள்ளே உட்கார்ந்து அளந்து சொல்வது போல இருக்கும், நாங்கள் மரியாதையோடு பார்ப்போம். பல வருஷம் கழித்து அப்படி ஒரு கூட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அந்த எண் எதையும் அளப்பதில்லை. பின்பக்கம் ஜம்பர் ஊசிகள் வரிசையாக இருக்கும். பொத்தான் உள்ளே போனால் எந்தக் கோடுகள் எரிய வேண்டும், வெளியே வந்தால் எவை என்று கூட்டைப் பூட்டியவர் கையால் செருகிவைத்தது. 99 என்று வைத்தாலும் 99 காட்டும். அதனால்தான் நிஜமாகவே அளந்து சொல்லும் இந்தத் திரை மேல் எனக்குத் தனிப் பிரியம்.

கம்ப்யூட்டர் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். கேபினட்டையே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், கத்தாது என்றார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்தேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று முதலில் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். நீங்களும் செய்தால் அதையே முதலில் செய்யுங்கள். பவர் பொத்தான், ரீசெட், யூஎஸ்பி, ஆடியோ எல்லாம் அந்த முகப்பிலிருந்துதான் மதர்போர்டுக்குப் போகின்றன. மாற்றிச் செருகினால் புதிதாக ஒரு கோளாறைத் தேட வேண்டியிருக்கும்.

முதலில் கரண்ட். திரைக்குப் போகும் நாலு ஊசி இணைப்பில் மஞ்சள் ஒயரில் 12.05 வோல்ட், சிவப்பில் 5.02. குறையே இல்லை. அடுத்து தெர்மிஸ்டர். திரையைத் தாங்கும் சின்னப் போர்டிலிருந்து அதன் பிளக்கை உருவி மல்டிமீட்டரில் பிடித்தேன். மின்தடை 8.4 கிலோ ஓம். இந்த வகை மணிகள் பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும், சூடு ஏற ஏறக் குறையும். அறையில் 29 டிகிரி, அதற்கு 8.4 சரியான கணக்கு. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டேன், மெல்ல 7-க்கு இறங்கியது. விட்டேன், ஏறியது. மணி நன்றாக இருக்கிறது.

அப்புறம்தான் அந்த விஷயம் நடந்தது. பிளக் உருவிய நிலையிலேயே இயந்திரத்தைப் போட்டேன். உணரி இல்லாவிட்டால் இந்தத் திரை இரண்டு கோடுகளைக் காட்ட வேண்டும், அதன் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. காட்டவில்லை. 64 என்றது. நாலின் ஒரு கால் பாதி போயிருந்தாலும் நாலு நாலுதான்.

உடம்பே இல்லை, காய்ச்சல் மட்டும் இருக்கிறது.

ஆக, மணி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒன்று கரண்ட்டைக் கடத்துகிறது. போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். தெர்மிஸ்டர் பிளக் செருகும் இரண்டு ஊசிகளுக்கு நடுவே லேசாகப் பச்சை. இரண்டு ஊசிகளில் ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றது அடியில் அரித்து, பச்சையும் வெள்ளையுமாகப் பொடி கட்டியிருந்தது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கின் திரி வாயில் ஏறுமே, அதே களிம்பு. சந்தோஷமாக, கடையில் இருந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தேன். பச்சை போனது. மாட்டினேன், 31 காட்டியது. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை 65. அல்லது 69.

அன்றைக்கு மதியமே போர்டை ஒரு சோப்பு டப்பாவில் போட்டுக்கொண்டு கெடிலம் பாலத்தைத் தாண்டி முதுநகருக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கம், உப்பனாற்றங்கரை போகும் வழியில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஒரு காலத்தில் டிவி பார்த்தவர். இப்போது அவர் மேஜை மேல் இருப்பதெல்லாம் விசைப்படகுகளின் ஜிபிஎஸ், மீன் பார்க்கும் கருவி, வயர்லெஸ் செட். உப்பைப் பற்றிக் கேட்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்பிரிட்டு போட்டீங்களா?"

"ஆமாண்ணே. ஒரு நாள் நல்லா இருந்துச்சு."

"இருக்கும். ஈரம் காஞ்சிருக்கும், அவ்ளோதான். உப்பு அங்கயேதான் இருக்கு. ஸ்பிரிட்டு உப்பக் கரைக்காது தம்பி. தண்ணிதான் கரைக்கும்."

இவ்வளவு காலம் கம்ப்யூட்டரோடு பழகியும் இதை நான் யோசித்ததில்லை. ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கையும் சால்டரிங் பசையையும் எடுக்கும், தண்ணீரை விரட்டிக்கொண்டு தானும் பறந்துவிடும். உப்பை அசைக்காது. அவர் பேசப் பேச என் அட்டையில் இருந்த எண்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக அர்த்தம் வந்தது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசகசவென்று நீர் விடுவதைப் பார்க்காதவர் நம் ஊரில் உண்டா? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் காற்றில் வருவதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு அவ்வளவு ஈரம் கூடத் தேவையில்லை, 33 சதவீதமே போதும். இரவு முழுக்க அணைந்து கிடக்கும் பெட்டியில் அந்த இரண்டு ஊசிகளுக்கு நடுவே உப்பு நீர் விடுகிறது. காலையில் போட்டவுடன் அதன் வழியே கரண்ட் கசிகிறது. தெர்மிஸ்டரோடு பக்கத்தில் இன்னொரு பாதை சேர்ந்தால் மொத்த ஓம் குறையும். ஓம் குறைந்தால் போர்டின் கணக்கில் சூடு அதிகம். மதியம் பெட்டி சூடாகி ஈரம் காய்ந்ததும் கசிவு குறைகிறது, எண்ணும் இறங்குகிறது. காலையில் திரை காட்டிய அந்த 71-இல் ஹீட்சிங்கின் சூடு பாதி கூட இல்லை. மிச்சமெல்லாம் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று.

ஒரு ஊசி மட்டும் ஏன் அரித்தது என்று கேட்டேன். அதில்தான் எப்போதும் பாசிட்டிவ் நிற்கிறது, உப்பு நீரில் பாசிட்டிவ் பக்கத்து உலோகம்தான் கரையும், படகு பேட்டரி முனையிலும் இதே கதைதான் என்றார். மதர்போர்டு தப்பித்து இது மட்டும் மாட்டியதற்கும் காரணம் இருந்தது. முன்பக்க மின்விசிறி உள்ளே இழுக்கும் காற்று முதலில் தடவுவது இந்தச் சின்னப் போர்டைத்தான். அதிகம் சூடாகாத இடமும் அதுதான்.

அவர் வேலை செய்ததை நான் ஸ்டூலில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தேன். எல்சிடி கண்ணாடியைப் பிடித்திருந்த தகரச் சட்டத்துக்கு ஆறு காதுகள். ஒவ்வொன்றையும் மூக்குக் குறடால் மெதுவாக நிமிர்த்தினார். கண்ணாடியைத் தூக்கியதும் அடியில் தீக்குச்சித் தடிமனில் ஒரு ரப்பர் துண்டு. அதை ஜீப்ரா ஸ்ட்ரிப் என்பார்கள். லென்ஸில் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மயிரிழை மயிரிழையாக வரிகள். கறுப்பு வரி கரண்ட்டைக் கடத்தும், வெள்ளை தடுக்கும். கண்ணாடிக்கும் போர்டுக்கும் சால்டர் கிடையாது, இந்த ரப்பரின் அழுத்தம் மட்டும்தான் இணைப்பு. ஓர் இடத்தில் அழுக்கோ களிம்போ இருந்தால் அங்கே ஒரு கோடு எரியாது. எங்கள் 9-ஐ 5 ஆக்கியது அதுதான். போர்டில் அந்த ஒரு தடம் மட்டும் மங்கி, பழைய ஐந்து பைசா நிறத்தில் இருந்தது. பென்சில் ரப்பரால் நாலு இழுப்பு இழுத்ததும் மினுங்கியது. ஜீப்ரா ரப்பரை ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே ஒரு முறை துடைத்தார். கண்ணாடியை அதில் தொடக்கூட விடவில்லை, மேலே ஒட்டியிருக்கும் போலரைசர் தாள் ஆல்கஹாலில் கெட்டுவிடுமாம்.

பிறகு கத்தும் பஸ்ஸரின் ஓட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி, போர்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் முக்கினார். பழைய பல் துலக்கும் பிரஷ். தேய்ப்பு, புதுத் தண்ணீர், மறுபடி தேய்ப்பு, மறுபடி புதுத் தண்ணீர். மூன்று தரம். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது. கடைசியாக ஆல்கஹாலில் ஒரு முக்கு, உள்ளே நிற்கும் தண்ணீரை அது வெளியே தள்ளும். ப்ளோயரால் ஊதி, குண்டு பல்புக்கு அடியில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு டீ குடித்தோம். தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு ஒரு மாதம் தன் மேஜையில் இடமே இல்லாமல் செட்டுகளைத் தரையில் அடுக்கியதைப் பற்றிச் சொன்னார். அப்போதும் பாதிக்கு மேல் வெறும் தண்ணீரில் கழுவியே பிழைத்தனவாம்.

காய்ந்த பிறகு ஊசிகளின் மேலும் ஜீப்ரா உட்காரும் தடங்களின் மேலும் டேப் மறைப்பு ஒட்டி, மிச்ச இடத்துக்குத் தெளிவான வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு பூச்சு. படகு செட்டுகளுக்கு அடிப்பது. கண்ணாடியை வைத்துக் காதுகளை முறுக்கினார். அங்கேயே 5 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் இப்போது பத்தாமிடத்தில் இரண்டு கோடுகளைக் காணோம். அவர் பதறவில்லை. கழற்றி, ரப்பரை ஒரு முடியளவு இடப்பக்கம் தள்ளி, காதுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினார். பதினான்கு கோடுகளும் வந்தன. 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் இன்னும் கொடுத்திருப்பேன்.

அரித்த ஊசிக்கு வேறு ஒன்று சால்டர் செய்துகொடுத்தார், பிளக்கையும் மாற்றினார். கடைக்கு வந்ததும் இயந்திரத்தைக் கிழக்கு ஜன்னலை விட்டு உட்புறச் சுவரோரம் நகர்த்தினேன். இரவில் முகப்பை மூட ஒரு பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அன்று ராத்திரி நல்ல மழை. விடிந்தும் தூறல். ஓடை மாதிரி ஓடிய தெருவைத் தாண்டி அக்கா எனக்கு முன்னாலேயே வந்து ஷட்டர் ஓரம் நின்றிருந்தார். திறந்தோம், மெயினைப் போட்டோம், பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லை. பூ வைப்பதற்கு முன்னாலேயே அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். விரலை வைத்து, இரண்டுக்கு அடுத்த எண்ணின் வலது மேல்கோட்டை மேலிருந்து கீழே தடவினார்.

"ஒம்போது தம்பி. முழு ஒம்போது."

அதே பத்திரிகை அட்டையில், 44-க்குக் கீழே, 29 என்று எழுதினார்.